தானாகத் தங்கிய பிள்ளை

அக்காவின் கால் செருப்புக்குள் போக மறுத்தது.

வலது காலை நுழைத்துப் பார்த்தாள். இடது காலை நுழைத்துப் பார்த்தாள். கடைசியில் பழியைச் செருப்பின் மேலேயே போட்டாள்.

"சுருங்கிப் போச்சு. நனைஞ்சிருக்கும்."

"செருப்பு சுருங்கலக்கா. நீதான் வீங்கிட்ட," என்றாள் வாலு.

"எட்டாம் மாசத்துல வீங்காம வத்தியா போவாங்க?"

வாலு அந்தக் கால்களையே பார்த்தாள். நேற்று சாயங்காலம் பெட்டியோடு வந்து இந்த வீட்டு வாசலில் நின்றபோதே அவள் திகைத்துப் போயிருந்தாள். போன வாரக் கதையில் நாம் அவளை விட்டுவிட்டு வந்ததும் அந்த வாசலில்தான். கதவைத் திறந்தது அக்காவா, இல்லை அக்காவின் முகத்தை ஊதிப் பெரிதாக்கி மாட்டிக்கொண்ட வேறு யாரோவா என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. வாலு என்பது பெயரில்லை, பட்டம். சின்ன வயதில் செய்த சேட்டைக்குக் கிடைத்தது. முப்பத்து மூன்று வயதாகி, ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பிறகும் விட்டுப் போகவில்லை. அக்காவுக்கு நாற்பத்தொன்று. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அத்தானும் அவளுமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறார்கள். அத்தான் லென்ஸ் வெட்டுவார், அக்கா வருகிறவர்களின் மூக்குக்கு ஏற்ற ஃபிரேமைத் தேடி மாட்டிவிடுவாள்.

அவள் வயிற்றில் இருப்பது டெஸ்ட் டியூப் பிள்ளை. கருமுட்டை வாலு கொடுத்தது. அக்கா, அத்தான், வாலு மூவரையும் தவிர இது ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. வியாபாரக் கண்காட்சிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியூரில் போய்ச் செய்துகொண்ட வைத்தியம் அது. அக்காவின் மாமனாருக்கும் நாத்தனாருக்கும் சொன்னது ஒரே வரி: தானாகத் தங்கிவிட்டது. அந்த வரியை யாருக்கும் சந்தேகம் வராமல் சொல்லிச் சொல்லி, அக்கா இப்போது அதைத் தானே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் வாலு.

"இருக்கு."

"நேத்து இருந்த மாதிரியேவா?"

"தலைவலியில என்னடி நேத்து, இன்னைக்கு. தூக்கம் இல்ல, அதான்."

"கண்ணு முன்னாடி ஏதோ மின்னுதுன்னு சொன்னியே?"

"பதினாலு வருஷமா கண்ணாடிக்கு நடுவுல உக்காந்திருக்கேன். மின்னாம என்ன செய்யும்?"

எதைக் கேட்டாலும் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. வாலுவைப் பயமுறுத்தியதே அதுதான். வண்டி ஓட்டத் தெரியாதவர்களைவிட, தெரியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே சுவரை நோக்கிப் போகிறவர்களிடம்தான் அவளுக்குப் பயம் அதிகம்.

கூடத்திலிருந்து பெரியவர் கூப்பிட்டார். "வாம்மா, உன் பங்கு பாக்கி இருக்கு."

பெரியவர் என்றால் வயதில் மட்டும் பெரியவர் இல்லை. அக்காவின் மாமனார் உட்கார நாற்காலி கடையில் கிடைக்காது. தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்ய வேண்டும். சட்டைக்கு எல்லோரும் வாங்கும் துணி அவருக்கு ஒரு கைக்குத்தான் காணும். இரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒன்று வைத்திருந்தார். தினமும் காலையில் முதலில் தனக்குப் பார்த்துக்கொள்வார். அடுத்தது மருமகளுக்கு. அவள் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அவள் உண்டானதிலிருந்து அந்த மிஷினைப் பேரப்பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்குகிறார்.

அக்கா உட்கார்ந்து கையை நீட்டினாள். பெரியவர் பட்டையை எடுத்துச் சுற்றினார். அது அந்தக் கையை இரண்டரைச் சுற்று சுற்றியும் தளர்வாகவே நின்றது. நழுவாமல் இருக்க அக்கா மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அது அவர்களுக்குப் பழகிப்போன காரியமாக இருந்தது.

மிஷின் முனகியது. எண்கள் வந்தன.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு," என்று தேர்வு முடிவு வாசிப்பதுபோல் வாசித்தார் பெரியவர். "பள்ளிக்கூடத்துப் பொண்ணு பிரஷர். வீக்கமாம் வீக்கம். நீ வந்ததும் வராததுமா அவளைப் பயமுறுத்தாதே வாலு."

"பாத்தியா?" என்றாள் அக்கா. ஜெயித்துவிட்ட முகம்.

"எனக்கும் பாருங்க மாமா."

வாலுவின் கையிலும் பட்டை அப்படியே தொளதொளத்தது. அளவு தொண்ணூற்றைத் தாண்டவே இல்லை.

"மாமா, நான் உயிரோடதான் இருக்கேனா?"

"சரியாச் சாப்பிட்டாத்தானே. தெருத் தெருவா வண்டியில சுத்தினா இப்படித்தான்."

பெரியவரும் அக்காவும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தாள். சிரிக்கும்போதே ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடுவதற்குள் பெரியவர் மிஷினை உறையில் போட்டு மூடிவிட்டார்.

*

சமையலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு வாலு ஓடினாள்.

பாத்திரம்தான் விழுந்திருந்தது. அக்கா விழவில்லை. மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"எங்க வலிக்குது?"

"நெஞ்சுக்குக் கீழ. கயிறு கட்டி முறுக்கற மாதிரி. வாயு."

"வாயுவும் இல்ல, மண்ணும் இல்ல. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இப்பத்தானே பிரஷர் பாத்தாரு?"

"கிளம்புக்கா."

"போன வாரமே வரச் சொன்னாங்க, போகல. மிஷின்ல நல்லாத்தான் இருக்குன்னு போன்ல சொல்லிட்டேன். இப்ப திடுதிப்புனு போய் நின்னா?"

வாலுவுக்குப் புரிந்தது. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி இருப்பாங்கன்னுதானே போகல?"

அண்ணி என்பது அத்தானின் தமக்கை, அக்காவின் நாத்தனார். அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஹெட் நர்ஸ். "நான் இருக்கும்போது என் தம்பி பொண்டாட்டி வேற எங்க போவா?" என்று ஒற்றைக் காலில் நின்று அங்கே பதிவு செய்தவள் அவள்தான். அந்த அன்பைத் தட்ட முடியாமல் போய் மாட்டிக்கொண்டாள் அக்கா.

"ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டரம்மா கேக்கறாங்க," என்றாள் அக்கா. "முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்கா, கழுவி எடுத்தாங்களா, வைத்தியம் ஏதாவது பண்ணினீங்களான்னு. அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கறாங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?"

"சொன்னா என்ன ஆயிடும்?"

"அண்ணிக்குத் தெரிஞ்சா மாமாவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரிஞ்சா கடைக்கு வர்றவங்க அத்தனை பேருக்கும் தெரியும். புள்ள பொறந்ததும் எல்லாரும் அது மூக்கைப் பாப்பாங்க, அப்புறம் உன் மூக்கைப் பாப்பாங்க. நடுவுல நான் யாருடி? சுமந்து குடுத்த கூலிக்காரி."

"அப்படி யாரும்..."

"முட்டைதான் என்னோடது இல்ல. சுமக்கறது நான்தானே? அதை மட்டும் விட்டுக் குடுக்க மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்க, வாலு."

"பண்ணியிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

அடுத்த முறுக்கலில் அக்காவுக்குப் பேச்சு நின்றது. வாலு அத்தானுக்குப் போன் போட்டாள்.

"மிஷின்ல சரியாத்தானே இருந்துச்சு?" என்றார் அவரும். இந்த வீட்டில் எல்லோருக்கும் அதுவே வேதம்.

"வலிக்குதுங்கறா அத்தான்."

அந்தப் பக்கம் லென்ஸ் வெட்டும் இயந்திரம் நின்றது. "எங்க வலி? கீழயா? ரத்தம் ஏதாவது படுதா?"

"இல்ல, நெஞ்சுக்குக் கீழ. ஏன், ரத்தம் எதுக்குப் படணும்?"

"சும்மா கேட்டேன். கூட்டிட்டுப் போ. நான் கடையைச் சாத்திட்டு வரேன்."

சும்மா கேட்ட குரலாக அது இல்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்க அப்போது வாலுவுக்கு நேரமில்லை.

*

வாலு கொண்டுவந்திருந்த டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடத்திலும் ஒரு பிரேக் உண்டு. அக்கா அந்த இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

"காலை அதுமேல வைக்காதக்கா."

"வைக்கல. கால் எங்க இருக்குன்னே தெரியல, மரத்துக் கிடக்கு."

வாலு சாலையைப் பார்த்து ஓட்டினாள். பக்கத்திலிருந்து அவ்வப்போது ஒரு பெருமூச்சு வந்தது. ஒரு திருப்பத்தில் அக்கா கண்களை இடுக்கிக்கொண்டு, "ஏன்டி, அந்தப் போர்டுல பாதிதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். போர்டில் முழுதாகத்தான் எழுதியிருந்தது. வாலு ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினாள்.

பிரசவ வார்டில் அண்ணி எதிர்கொண்டு வந்தாள். உயரமான, வேகமாக நடக்கிற பெண். அக்காவைப் பார்த்ததும் அந்த வேகம் குறைந்தது. அவளைப் படுக்கையில் சாய்த்தாள். பட்டையைக் கட்டினாள். இந்தப் பட்டை அக்காவின் கையைக் கச்சிதமாகப் பிடித்தது.

அளவைப் பார்த்தாள். அவிழ்த்தாள். மற்றக் கையில் கட்டி மறுபடி பார்த்தாள்.

"வீட்டுல எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்திப் பதினெட்டு அண்ணி. காலையிலதான் மாமா பாத்தாரு."

"அப்பா மிஷின்லயா?" அண்ணியின் குரல் இறங்கிப்போனது. "அந்தப் பட்டை நான் ஆர்டர் பண்ணி வாங்கினது. மிஷினோட வந்தது அவர் கையில மூடவே இல்லைன்னு இருக்கறதுலயே பெருசா வாங்கினேன். உன் கைக்கு அதைக் கட்டினா கம்மியாத்தான் காட்டும். எப்பவும் கம்மியாத்தான் காட்டும்."

"இப்ப எவ்வளவு?" என்று கேட்டாள் வாலு.

"நூத்தி எழுபத்திரண்டு."

எத்தனை வாரங்களாக அந்தத் தொளதொளத்த பட்டையின் பேச்சை நம்பி, தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, செருப்பைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காலையில் தனக்கு உறுத்தியது என்ன என்று வாலுவுக்கு இப்போது தெரிந்தது. சிரிப்பதற்குப் பதிலாக அதை இன்னும் கொஞ்ச நேரம் யோசித்திருக்கலாம்.

"வீட்டுலயே தினம் பாத்துக்கன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் அண்ணி யாரிடம் என்றில்லாமல். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

*

டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். இரத்தம் எடுக்கச் சொன்னார். அக்காவின் முழங்காலைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். கால் எகிறி உதைத்தது. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து வெகுநேரம் ஒரே இடத்தில் நிறுத்தினார்.

"இது கர்ப்பத்துல வர்ற பிரஷர். ஈரலைப் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு, அந்த வலி அதான். வலிப்பு வராம இருக்க ஊசி போடறோம், உடம்பெல்லாம் எரியற மாதிரி இருக்கும். குழந்தையை இனிமே உள்ள வச்சிருக்க முடியாது. இன்னைக்கே எடுக்கணும்."

அக்கா தலையசைத்தாள்.

"அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை கேக்கறேன்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் டாக்டரம்மா. "நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு. முன்னாடி ஏதாவது கலைஞ்சு கழுவி எடுத்திருந்தாலோ, டெஸ்ட் டியூப் மாதிரி வைத்தியத்துல தங்கியிருந்தாலோ, அது கர்ப்பப்பைச் சுவரோட ஒட்டிப் பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டியிருந்தா பிரிக்கும்போது ரத்தம் குழாயைத் திறந்து விட்ட மாதிரி போகும். இந்த ஆஸ்பத்திரியில இருக்கற ரத்தம் அதுக்குப் பத்தாது. அப்படின்னா நான் இங்க கத்தியே வைக்க மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்."

"அப்படி எதுவும் இல்லைன்னா?" என்று கேட்டாள் அண்ணி.

"இல்லைன்னா இங்கயே, இப்பவே எடுக்கறதுதான் நல்லது. இந்த பிரஷரோட ஆம்புலன்ஸ்ல போறது ஆபத்து. சொல்லுங்கம்மா. மறைக்கறதுக்கு இது நேரம் இல்ல."

அக்கா கூரையைப் பார்த்தாள். அவளுடைய ஒரு கை அண்ணியின் கைக்குள் இருந்தது.

"தானாத்தான் தங்குச்சு டாக்டர். இதுதான் முதல் தடவை."

"நிச்சயமா?"

"எங்க வீட்டுப் பொண்ணு இவ, டாக்டர்," என்றாள் அண்ணி, அக்காவின் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே. "பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு."

"சரி. தியேட்டரைத் தயார் பண்ணுங்க."

டாக்டரம்மா எழுந்தார். ஸ்டூலின் கால் தரையில் கிறீச்சிட்டது. அக்காவின் கண்கள் வாலுவின் மேல் இருந்தன. அதில் மிரட்டல் இல்லை; கெஞ்சல் மட்டும்தான் இருந்தது. மிரட்டியிருந்தால் வாலுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்காதான் வாலுவுக்குத் தலைவாரி விட்டவள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள். இத்தனை வருஷத்தில் வாலுவிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது இரண்டே இரண்டுதான்: ஒரு முட்டை, ஒரு சத்தியம்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் வெளியில போறீங்களா?"

"இந்த வார்டை விட்டுட்டு நான் எங்கம்மா போக?"

"அப்ப கேட்டுக்கங்க," என்றாள் வாலு. டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "தானாத் தங்கல டாக்டர். டெஸ்ட் டியூப். முதல் ரெண்டு தடவை தங்கவே இல்ல. மூணாவது தங்கி, மூணாம் மாசம் கலைஞ்சு, கழுவி எடுத்தாங்க. அப்புறம் வேற ஆஸ்பத்திரியில பண்ணினது இது. உறைய வச்ச கரு. முட்டை என்னோடது."

அண்ணியின் கை அக்காவின் நெற்றியில் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வாலுவை ஒரு நிமிஷம் பார்த்தார், அவ்வளவுதான். "தியேட்டர் வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் பேசறேன், ரத்தம் எடுத்து வைக்கச் சொல்றேன்."

அண்ணி நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த கையிலும் ஊசி ஏற்றினாள். டேப்பை ஒட்டினாள். "கழுவி எடுத்தது எந்த வருஷம்?" என்று அக்காவைக் கேட்டாள். பதில் வந்ததும் தலையசைத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று வாலுவுக்குத் தோன்றியது.

தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு போகும்போது அக்கா அவளைக் கூப்பிட்டாள். ஊசியின் சூட்டில் முகம் சிவந்து பளபளத்தது.

"சொல்லிட்ட இல்ல?"

"உயிர் முக்கியம்க்கா."

"என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். இப்ப உன் புள்ளைய நீயே எடுத்துக்க." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அண்ணி, நீங்க வாங்க. இவ வேண்டாம்."

ஆம்புலன்ஸின் கதவு வாலுவின் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. அவள் அழுதாள். அழுகையை மறைக்க வேண்டிய யாரும் அங்கே இல்லை.

*

அத்தான் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. வாலு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். அவர் சட்டையெல்லாம் லென்ஸ் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது.

நடந்ததைச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். பட்டை, அளவு, டாக்டரம்மா கேட்டது, தான் சொன்னது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும்."

"கழுவி எடுத்ததையும்?"

"அதையும்தான். எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சொல்லிட்டேன் அத்தான். இனிமே அவங்க பாத்துப்பாங்க."

கார் திடீரென்று குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான். அத்தானின் கால் அந்தப் பக்கத்துப் பிரேக்கை மிதித்திருந்தது. மிதித்தது அவருக்கே தெரியவில்லை.

"என்ன அத்தான்?"

"உனக்குத் தெரிஞ்சது எல்லாம் இல்ல வாலு."

அவள் காரை ஓரமாக ஒதுக்கினாள். தூரத்தில் ஆம்புலன்ஸின் விளக்கு சுழன்றுகொண்டே சின்னதாகிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் கழுவி எடுத்தாங்களே," என்றார் அத்தான். "அவ மயக்கத்துல இருந்தா. அந்த டாக்டர் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாரு. கர்ப்பப்பை உள்ள கிழிஞ்சிருக்கு, பெரிய தழும்பு விழும்னாரு. மறுபடி தங்கினா நஞ்சுக்கொடி அந்தத் தழும்புலதான் போய் வேர் விடும், பிரிக்க வராதுன்னாரு. இவங்க சுமக்கவே கூடாது, வேற யாராவது சுமக்கட்டும்னாரு."

வாலு முழுதாக அவர் பக்கம் திரும்பினாள். "அக்கா என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே."

"அவளுக்கே தெரியாது."

"என்ன சொல்றீங்க?"

"அவகிட்ட நான் சொல்லல." அத்தான் சட்டையில் இருந்த தூளைத் தட்டினார். "அந்த ஆஸ்பத்திரியை விட்டுட்டு வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினதே அதுக்குத்தான். புது இடத்துல கேட்டாங்க. கழுவினதை மட்டும் சொன்னேன், தழும்பைச் சொல்லல. முட்டை உன்னோடதுன்னு ஆன அன்னைக்கே அவ பாதி செத்துட்டா வாலு. சுமக்கறதாவது நானா இருக்கேன்னு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருச்சா. சுமக்கவும் கூடாதுன்னு அவகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். தினம் காலையில அப்பா நம்பரை வாசிக்கும்போது, பாரு ஒண்ணும் ஆகலன்னு நினைச்சுக்கிட்டேன்."

வாலுவுக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

"அண்ணிக்குப் போன் போடுங்க."

"அங்க போய்ச் சொல்லிக்கலாமே. டாக்டர்கிட்ட நேர்ல..."

"நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க கத்தியை வச்சிருப்பாங்க. தழும்பு எவ்வளவு பெருசு, எந்தப் பக்கம்னு அந்த டாக்டர் சொன்னது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. போடுங்க அத்தான்."

அத்தான் போனை எடுத்தார். திரையைப் பார்த்தார். கட்டைவிரல் எண்ணின் மேலேயே நின்றது. வாலு அந்த விரலைப் பிடித்து அழுத்தினாள்.

மணி அடித்தது. ஒரு தடவை அறுந்து மறுபடி அடித்தது. எடுத்தபோது முதலில் சைரன் சத்தம்தான் கேட்டது.

"சீக்கிரம் சொல்லு தம்பி," என்றாள் அண்ணி மூச்சிரைக்க. "இவளுக்கு ரத்தம் பட ஆரம்பிச்சிருக்கு. என் ரெண்டு கையும் வேலையா இருக்கு."

அத்தான் சொன்னார். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தழும்பு, அது முன்பக்கம் கீழே இருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னது, சுமக்கக் கூடாது என்றது, வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியது, மறைத்தது. பதினாலு வருஷம் கூட இருந்தவளிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன் என்றார். அவள் தாங்க மாட்டாள் என்றுதான் சொல்லவில்லை என்றார்.

அந்தப் பக்கம் சைரன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேக்குதா உனக்கு? சொல்லு, கேட்டுச்சா?" என்று கத்தினார் அத்தான்.

"கேட்டுச்சு தம்பி," என்றாள் அண்ணி மெதுவாக. "கையில உறை போட்டிருக்கேன். போனு ஸ்பீக்கர்ல கிடக்கு."

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. மெலிந்து, காய்ந்துபோயிருந்தாலும் வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணி, அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."